பீச்சாங்கைக்காரருக்கு ஒரு துப்பாக்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கொண்டாப்பூர் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு சின்னவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே முக்கோணமாக ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு கண்ணா மூடிப் பாரு. எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் தெரியுது?" என்றேன். "லெஃப்ட் மட்டும்தான்பா."

கையும் இடது, கண்ணும் இடது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "எல்லாம் தாத்தாவைக் கொண்டு வந்திருக்கா" என்றார்கள்.

துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்ந்து நாலு மாதம். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி. பயிற்சி நிலையத்தில் இருந்ததெல்லாம் வலது கைக்காரர்களுக்கானவை. "பழகிடும், வலது தோளிலேயே சுடட்டும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைக்குப் பழகவில்லை. கழுத்தை ஒடித்து இடது கண்ணைக் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறாள், முடிகிற காரியமா? இடது கைத் துப்பாக்கியின் விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "அவசியமா?" என்று நானும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கதை.

முதலில் தாத்தா. பென்னாகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கேழ்வரகுக் காடு. காட்டுப்பன்றிக்காகப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரகம். அந்தத் துப்பாக்கிகளில் சுத்தியலும் வெடி வைக்கும் மூக்கும் வலது பக்கம்தான் இருக்கும். வலது தோளில் வைத்துச் சுடுபவரின் முகம் மறுபக்கம் இருப்பதால் பொறி அவரைத் தொடாது. இடது தோளில் வைத்தால் பொறி தெறிக்கும் பக்கத்திலேயே முகம். தாத்தாவின் மூக்கின் மேலும் வலது கன்னத்திலும் பச்சை குத்தினாற்போல் கரும்புள்ளிகள் இருந்ததை நான் சின்ன வயதில் அம்மை வடு என்று நினைத்திருந்தேன்.

இனி போல்ட் ரைஃபிள். அதை அறியாதவர்களுக்கு: கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி, கீழே அமுக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். கைப்பிடி வலது பக்கம். வலது கைக்காரர் விசையை அழுத்திய அதே கையால் தாழ்ப்பாளை இழுப்பார். இடது கை குழலைத் தாங்கியபடியே இருக்கும், கட்டை தோளை விட்டு நகராது. இடது கைக்காரர் துப்பாக்கிக்கு மேலாகக் கையை எக்கிப் போட்டு அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். தோளும் குறியும் இரண்டுமே கலைந்துவிடும். பழைய தோட்டா ஏதாவது உள்ளேயே கிழிந்து வாயு வெளியேறினால், திறப்பு இருக்கும் வலது பக்கத்தில்தான் அவர் முகமும் இருக்கும். (தாத்தா கதைதான், இன்னும் பெரிய அளவில்.)

அப்படியானால் ஏன் இடது பக்கத்துக்கும் ஒன்று செய்யவில்லை? பட்டாளம்தான் காரணம். ஜெர்மனியின் மவுசர் 1898-ல் வந்தது. ஆங்கிலேயரின் லீ-என்ஃபீல்டு 1895-ல். லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு நிமிடத்தில் 15 குண்டு குறி பார்த்துச் சுட வேண்டும் என்பது பயிற்சிக் கணக்கு. இடது கைப் பழக்கமுள்ளவனையும் வலது தோளுக்கு மாற்றிவிடுவார்கள், கதை முடிந்தது. வேட்டை ரைஃபிள்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டாள இயந்திரத்தின் மேல்தான் கட்டப்பட்டன. லண்டன் ரிக்பி கம்பெனியின் புகழ்பெற்ற .275 கூட உள்ளே மவுசர்தான். சட்டகம் வலதுக்கென்று வார்க்கப்பட்டுவிட்டால், மேலே போடுகிற மரக்கட்டையை எவ்வளவு இழைத்தாலும் தாழ்ப்பாள் பக்கம் மாறாது.

அந்த .275-க்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு .275 ரிக்பி. அவருடைய இன்னொரு அனுபவம் எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் பட்டது. 1930-ல் சௌகர் பெண்புலி. கார்பெட்டின் இடது கையில் அப்போதுதான் எடுத்த இரண்டு பறவை முட்டைகள். வலது கையில் ரைஃபிள். திரும்பிப் பார்த்தால் சில அடி தூரத்தில் புலி! முட்டையைக் கீழே போடாமல், ஒற்றைக் கையால் துப்பாக்கியை மெல்ல மெல்லச் சுழற்றிச் சுட்டார். முதல் குண்டே வேலையை முடித்துவிட்டது. முடிக்காமல் போயிருந்தால் தாழ்ப்பாளை இழுக்க அவருக்கு இன்னொரு கை வேண்டும். வலது கைக்காரருக்கே இந்தப் பாடு.

அப்போது இந்தியாவில் இடது கைக்காரர் என்னதான் வாங்கினார்? பணம் இருந்தால் இரட்டைக் குழல். நடுவில் மடங்கித் திறக்கும், பூட்டு நடுவில், இரண்டாவது குண்டுக்கு எதையும் இழுக்க வேண்டாம், இன்னொரு விசையை அழுத்தினால் போதும். இடதும் வலதும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் லண்டனில் கையால் இழைத்த இரட்டைக் குழல் ரைஃபிள் ராஜாக்களுக்கும் பெரிய துரைகளுக்கும்தான் கட்டுப்படியாகும். இங்கே ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் பெரிய புலி வேட்டைக்காரர். 1902-ல் வைஸ்ராய் கர்சன் வந்தபோது வாரங்கல் பக்கம் நெக்கொண்டாவில் வேட்டை நடந்தது. ராஜா தீன் தயாள் எடுத்த புகைப்படத்தில் கர்சன் தம்பதி செத்த புலியோடு நிற்கிறார்கள். இன்று வனஸ்தலிபுரத்தில் நாம் குழந்தைகளோடு மான் பார்க்கப் போகும் பூங்காவும் நிஜாமின் வேட்டைக்காடாக இருந்த இடம்தான். போல்ட் ரைஃபிள் அடுத்த தட்டுக்காரர்களின் துப்பாக்கி. வன அதிகாரி, போலீஸ் அதிகாரி, தோட்டத் துரை.

இதில் அரசாங்கத்தின் கை வேறு. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களை லைசென்ஸுக்கு அலையவிட்டது. பிறகு பட்டாளத் தோட்டாவோடு பொருந்துகிற அளவுகளைத் தனியார் வைத்திருக்கக் கூடாது என்றார்கள், கலகக்காரர் கையில் போய்விடுமாம். .450 அளவுக்கு 1900-களின் தொடக்கத்தில் தடை வந்ததும் லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகள் கண்டுபிடித்து விற்றன. எந்த அளவு, யார் வைக்கலாம், எத்தனை தோட்டா... எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. எந்தக் கை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு வழி லீவர் ரைஃபிள். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தயார். வளையம் நடுவில் இருப்பதால் எந்தக் கைக்கும் சரி. நம் பக்கத்துக் காடுகளில் இதற்குப் பெயர்போனவர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர் என்றே நினைத்திருந்தேன். பிறந்தது 1910-ல் இங்கே செகந்தராபாத் பொலாரத்தில்! அவர் கையில் எப்போதும் இருந்தது .405 வின்செஸ்டர், 1895-ஆம் வருட மாடல். 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் ஜவளகிரி, முண்டச்சிப்பள்ளம் எல்லாம் வருகின்றன. முண்டச்சிப்பள்ளம் எங்கள் பென்னாகரம் பக்கம்தான். ஆண்டர்சன் இடது கைக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் தாத்தாவுக்குக் கையில் காசும் கலெக்டர் ஆபீசில் செல்வாக்கும் இருந்திருந்தால், அவருக்கு ஏற்ற துப்பாக்கி அதே காட்டில் அலைந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் என் எண்ணம் படிக்கப் படிக்க மாறியது. வலது பக்கத் தாழ்ப்பாள் இடது கைக்காரருக்கு எப்போதும் இடைஞ்சல் என்று நினைத்திருந்தேன். பரண் மேல் உட்கார்ந்து, துப்பாக்கியைக் கிளையில் தாங்கலாக வைத்துச் சுடும்போது கதை வேறு. இடது கை விசையிலேயே இருக்கும், சும்மா இருக்கும் வலது கை தாழ்ப்பாளை இழுத்துவிடும். சொல்லப்போனால் அது வசதி. இன்றும் மேசை மேல் தாங்கலாக வைத்துச் சுடும் போட்டிகளில் சில வலது கைக்காரர்கள் வேண்டுமென்றே இடது தாழ்ப்பாள் வாங்குகிறார்கள். நம் நாட்டில் புலி வேட்டையில் பெரும்பகுதி பரணிலிருந்து நடந்ததுதான். கால்நடையாகக் காயம்பட்ட மிருகத்தின் பின்னால் போகும்போதுதான் தப்பான பக்கத்துத் தாழ்ப்பாள் உயிருக்கு உலை. ஆக, வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்படிச் சுடப் போகிறாய் என்பது. இரண்டாவது, எந்தக் கண். கை வலதாகவும் கண் இடதாகவும் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கென்று லண்டன் கொல்லர்கள் கட்டையையே வளைத்து, வலது தோளில் வைத்தால் குழல் இடது கண்ணுக்கு நேராக வரும்படி செய்து தந்தார்கள்.

பெரிய தொழிற்சாலையில் இடது தாழ்ப்பாள் வார்க்க ஆரம்பித்தது எப்போது தெரியுமா? அமெரிக்காவின் சாவேஜ் கம்பெனி 1958-ல் 110 என்ற மாடலைக் கொண்டுவந்தது. பட்டாள மிச்சத்தில் கட்டாமல், வேட்டைக்கென்றே புதிதாக வரைந்தது. அடுத்த வருடமே அதன் இடது கை வடிவம். கண்ணாடியில் பார்த்தாற்போல் எல்லாம் மறுபக்கம். சாதாரணக் கூலிக்காரனும் வாங்கக்கூடிய விலை.

நமக்கு அது வந்து சேரவில்லை. 1957 வாக்கில் அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதிக்கு இறுக்கிப் பிடித்தார்கள். 1970-ல் புலி வேட்டைக்குத் தடை. 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம். 1991 திருத்தத்தில் மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸும் போயிற்று. (போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பயிரை அழிக்கும் மிருகத்துக்கு மட்டும் 11-ஆவது பிரிவில் தனி அனுமதி இருக்கிறது.) இடது கைக்காரருக்கென்று ஒரு போல்ட் ரைஃபிள் உலகத்தில் விற்பனைக்கு வந்ததற்கும், இந்தியாவில் புலி வேட்டை நின்றதற்கும் இடையில் பதினோரு வருடம்தான்.

உள்நாட்டில் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த .315 ரைஃபிள் பழைய லீ-என்ஃபீல்டு வழி வந்தது, தாழ்ப்பாள் வலது பக்கமே. 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோனது. பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டும் விலக்கு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எட்டாவது பட்டாலியன் இருக்கிறது. காலையில் கொத்தகூடா பொட்டானிக்கல் கார்டனுக்கு நடக்கப் போகும்போது அங்கே காவலுக்கு நிற்பவர்களைப் பார்த்தால், இதில் எத்தனை பேர் வீட்டில் இடது கையால் சாப்பிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். இதே அம்மாதான் சின்னவள் மூன்று வயதில் பீச்சாங்கையால் ஸ்பூன் எடுத்தபோது, "சோத்தாங்கை, சோத்தாங்கை" என்று கையில் ஒரு தட்டுத் தட்டியவர்கள். எனக்கும் அவளுக்கும் அதில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது தனிக்கதை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க தாத்தாவை சோத்தாங்கையில சுடச் சொல்லி அவங்க அப்பா அடிப்பாராம். அப்பிடிச் சுட்டா ஒண்ணும் படாதாம். பன்னி தப்பிச்சா பரவால்லடா, கண்ணு போயிடுமேன்னு அடிச்சாராம்" என்றார்கள். அந்தக் கிழவரை இத்தனை வருடம் முரடன் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் சின்னவளைப் பார்த்து, "இவளுக்கு முகத்துல எதுவும் தெறிக்காது இல்ல?" என்றார்கள். "காத்துதான் பாட்டி, மருந்தே கிடையாது" என்றாள் அவள்.

இடது கைத் துப்பாக்கிக்குப் பணம் கட்டியாயிற்று. பிடியும் கன்னக்கட்டையும் இடது பக்கத்துக்கென்றே செதுக்கியது. வந்து சேர மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை வலது தோளில் சுட வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் பேசிவிட்டேன். கொஞ்சம் முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் ஹாலில் ஒரு கட்டைத் துடைப்பத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஆடாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். நேற்று நாலு நிமிடம் நின்றாள். எண்ணியது அம்மா.