எந்த லெட்ஜரில் அண்ணன்?

எங்கள் வம்சாவளியை எழுத உட்கார்ந்தபோது அம்மா போனில் கேட்டார்: "மூத்தவனை எழுதினியாடா?"

1976ல் உயிரில்லாமல் பிறந்த என் அண்ணன். பெயர்கூட வைக்கவில்லை.

லீவில் ஊருக்குப் போனபோது இறப்புப் பதிவேட்டில் தேடச் சொன்னேன். இல்லை என்றார்கள். வங்கிக்காரன் நான், தப்பான லெட்ஜரைப் புரட்டினால் கணக்கு எப்படிக் கிடைக்கும் என்று பிறகுதான் உறைத்தது.

1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பாருங்கள். "பிறப்பு" என்றால் உயிருடன் பிறப்பது, இறந்து பிறப்பது இரண்டும்தான். "இறப்பு" என்பது உயிருடன் பிறந்தவர்களுக்கு மட்டும். கருவில் 28 வாரமாவது இருந்து இறந்து பிறந்த குழந்தையைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவேட்டில் தேடிப் பார்க்கச் சொல்ல 17ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெயரைத் தேடாதீர்கள். ஊர், தேதி, பெற்றோர் பெயரை வைத்துத் தேடுங்கள். இறந்து பிறந்தவர்களின் பதிவு என்று சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த லீவில் அப்படித்தான் கேட்டேன். ஒரே வரி. தேதி, ஆண், அப்பா பெயர், அம்மா பெயர்.

போனில் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பொறந்தான்னு எழுதியிருக்காங்களா?"

"ஆமாம்மா."