ஒரு காலில் மட்டும் வீக்கமா? ஆழ்சிரை இரத்த உறைவு: பரிசோதனையும் சிகிச்சையும்

இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்கள் சிரைகள் எனப்படும். கால் தசைகளுக்கு இடையே ஆழத்தில் செல்லும் சிரையில் இரத்தம் கட்டியாக உறைவதே ஆழ்சிரை இரத்த உறைவு. அக்கட்டி பெயர்ந்து நுரையீரல் இரத்தக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து போன்ற மலைக் குடியிருப்புகளில் கால்வலியை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. 2024 வரை சரிவில் நின்று கொழுந்து பறித்தோருக்கு அது அன்றாட வலியாக இருந்தது. ஆனால் உழைப்பால் வரும் வலி பெரும்பாலும் இரு கால்களிலும் இருக்கும்; ஓய்வில் குறையும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, கெண்டைச்சதையை அழுத்தினால் வலித்தால், அதை அட்டைக்கடி என்றோ சுளுக்கு என்றோ தாமே முடிவு செய்ய வேண்டாம். அண்மையில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ நடந்தவர், மாவுக்கட்டு போட்டவர், படுக்கையில் இருந்தவர், புற்றுநோய் உள்ளவர் எனில் ஐயம் மேலும் வலுக்கும். தைலம் தேய்த்து உருவிவிடுவது கூடவே கூடாது. கட்டி பெயர அதுவே காரணமாகலாம்.

மருத்துவர் இரு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் நாடாவால் அளப்பார். 3 செ.மீ.க்கு மேற்பட்ட வேறுபாடு முக்கியமான அறிகுறி. ஐயம் குறைவாக உள்ளவருக்கு டி-டைமர் இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தால் இந்நோய் இல்லை எனக் கொள்ளலாம். ஐயம் வலுவாக இருந்தால் டாப்ளர் ஸ்கேன் தேவை. மணிமுத்தாறு வழியே இறங்கி, பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய நேரமாகும். ஸ்கேன் தாமதமாகும் நிலையில், இரத்தக்கசிவு அபாயம் இல்லாதவருக்கு ஹெப்பாரின் வகை ஊசியை முன்னதாகவே போடுவது முறையான சிகிச்சையே. ‘ஸ்கேன் எடுக்காமல் ஊசி எதற்கு?’ என்று மறுக்க வேண்டாம்.

இம்மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை. அது வளராமல் தடுக்கின்றன. கரைப்பது உடலின் வேலை. ஆகவே வீக்கம் வடிந்தாலும் குறைந்தது 3 மாதம் மருந்து தொடர வேண்டும். பலர் இடையில் நிறுத்திவிடுவதே பெருங்குறை. வார்ஃபரின் எடுப்போருக்கு ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும். அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை. முருங்கைக்கீரையை விலக்க வேண்டியதில்லை; திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மலையிலிருந்து அடிக்கடி வர இயலாதவர், ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற மாத்திரைகள் தமக்குப் பொருந்துமா என மருத்துவரைக் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை அல்ல, ஊசியே பொருத்தம். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

அட்டையின் உமிழ்நீரே இரத்தத்தை உறையவிடாது. இம்மருந்துகளும் சேர்ந்தால் கடிவாயில் நெடுநேரம் இரத்தம் கசியும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும். நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்லவும்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம், கறுத்த மலம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108ஐ அழைக்கவும்.