கத்தினவங்களும் காது கொடுத்தவங்களும்

1927 ஜனவரி 7. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் நடுவுல ரேடியோ டெலிபோன் சேவை ஆரம்பம். மூணு நிமிஷத்துக்கு 75 டாலர்! "என்ன சொன்னீங்க?"ன்னு திருப்பிக் கேட்டாலும் காசுதான் மக்களே.

அலைநீளம் சுமார் 5 கிலோமீட்டர். இதுக்குப் பெரிய எதிரி, தெற்கே வெப்பமண்டலத்துல வெட்டற மின்னலோட கரகரப்பு. அனுப்பற பவரை ஏத்திக்கிட்டே போனா செலவு எகிறும். அதனால கேக்கற பக்கத்துல கை வெச்சாங்க. ரிசீவரை வடக்கே, மெய்ன் மாநிலத்து ஹூல்டனுக்குக் கொண்டு போனாங்க.

அங்க உசரமான டவர் இல்லை. கம்பத்து மேல கிலோமீட்டர் கணக்கா நீண்ட கம்பி, அவ்ளோதான். ஹெரால்ட் பெவரேஜ் கண்டுபிடிச்சது. மின்சாரத்தை சரியா கடத்தாத தரை மேல போறப்போ அலை லேசா சாயும். லண்டன் சிக்னல் கம்பியோடவே ஓடி, வலுத்து, ரிசீவருக்கு வரும். பின்னாலிருந்து வர்ற கரகரப்பு எதிர்முனைக்கு ஓடும். அங்க உக்காந்திருக்கற ரெசிஸ்டர் அதை முழுங்கிடும்!

இன்னிக்கும் ஹாம் ரேடியோக்காரங்க தூரத்து ஸ்டேஷனைப் பிடிக்க இதே கம்பியைத்தான் இழுத்துக் கட்டறாங்க. இடம்தான் வேணும், நம்ம மொட்டை மாடி பத்தாது :-)