தறிக்காலில் ஒரு காகிதம்

ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்துப் பக்கம் போனால் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து இருபது பேர் கூட்டமாகக் காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருப்பார்கள். திடீரென்று ஒருவர் மண்டி போட்டு உட்காருவார். காட்டுப்பூ! உடனே எல்லோரும் சூழ்ந்துகொள்ள, அதன் பேர் என்ன என்று விவாதம் ஆரம்பமாகிவிடும்.

வேலைவெட்டி இல்லாத பணக்காரர்கள் தொடங்கிவைத்த பொழுதுபோக்கு என்றுதானே நினைக்கிறீர்கள்? இருநூறு வருஷத்துக்கு முன்னால் மான்செஸ்டர் சுற்றுவட்டாரத்தில் இதே வேலையாக அலைந்தவர்கள் யார் தெரியுமா? கைத்தறி நெசவாளர்கள்.

அவர்கள் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விசைத்தறி வந்து கூலி சரிந்துகொண்டிருந்த காலம். வாரத்தில் ஆறு நாள் தறி. மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. அன்றைக்கும் தூங்காமல் மைல்கணக்கில் நடந்து, செடி கொடிகளைப் பறித்துக்கொண்டு ஊர் பப்புக்கு வந்து சேருவார்கள்.

ஏன் பப்? ஏழைக்கு வாடகையில்லாத ஹால் வேறு எங்கே கிடைக்கும்! ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவார்கள். அதில் ஒரு பங்கு பீருக்கு, ஒரு பங்கு புத்தகத்துக்கு. அன்றைக்குத் தாவரவியல் புத்தகம் யானை விலை. தனி நெசவாளி ஜென்மத்துக்கும் வாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். பி.காம். படித்தவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு ரொம்பவே பிடிக்கிறது. 'ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் பப்பில் என்ன பாட்டனி?' என்று பக்திமான்கள் முகம் சுளித்தது தனிக்கதை.

படிப்பில்லாதவர்களுக்கு இது எப்படிச் சாத்தியமானது? புண்ணியவான், ஸ்வீடன்காரர் லின்னேயஸ். தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தவர். பெரும்பாலும் பூவின் மகரந்தத்தாள்களை எண்ணினால் போதும், எந்த வகுப்பு என்று தெரிந்துவிடும். நாள் முழுக்க நூலை எண்ணுகிற ஆளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

லத்தீன் பெயர்கள்தான் வாயில் நுழையாது. பிரெஸ்ட்விச் பகுதியைச் சேர்ந்த ஜான் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற நெசவாளி அதற்கும் வழி கண்டுபிடித்தார். அந்த 24 வகுப்புகளையும் ஒரு காகிதத்தில் எழுதித் தறிக்காலில் குத்திவைத்துவிட்டார். கை பாட்டுக்கு நெய்யும், கண் பாட்டுக்குப் படிக்கும்.

கூட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. தலைவர் மேஜை மேலிருக்கும் செடியை எடுத்து, பெயரைப் பக்கத்து ஆளிடம் சொல்லித் தருவார். அவர் அடுத்தவருக்கு. அவர் அதற்கடுத்தவருக்கு. சுற்றி வருவதற்குள் லத்தீன் என்ன கதியாகியிருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்! அதனால் ஏற்பாட்டை மாற்றினார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியது. தலைவர் செடியைத் தூக்கிக்காட்டிப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டியது. யாருக்கும் ரகசியமில்லை. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவரும் காதால் கேட்டே கற்றுக்கொள்ளலாம்.

பெரிய மனிதர்களுக்கும் இவர்கள் தேவைப்பட்டார்கள். எந்தச் சதுப்பில் எந்த அபூர்வச் செடி முளைக்கும் என்பது நடந்தவனுக்குத்தானே தெரியும்? இந்தக் கோஷ்டியோடு சுற்றியவர்களில் ஒருவர் குதிரை வியாபாரியின் மகன் ஜார்ஜ் கேலி. அவரை 1800-ல் ஆஸ்திரேலியாவுக்குச் செடி சேகரிக்க அனுப்பிவைத்தவர், சர் ஜோசப் பேங்க்ஸ். ராயல் சொசைட்டியின் தலைவர்! மான்செஸ்டரில் வாழ்ந்த எலிசபெத் காஸ்கெல், 1848-ல் வெளியான 'மேரி பார்ட்டன்' நாவலில் இந்த நெசவாளர்களைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்.

பிற்பாடு தாவரவியல் மாறியது. எண்ணிக்கை மட்டும் போதாது என்றாகி, மைக்ராஸ்கோப்பும் பல்கலைக்கழகமும் வந்தன. கைத்தறியும் காணாமல் போனது.

ஹார்ஸ்ஃபீல்ட் 1854-ல் இறந்துபோனார். அவர் உருவாக்கிய ஒரு டாஃபடில் மலருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 'ஹார்ஸ்ஃபீல்டீ'. ஆமாம், லத்தீனில்தான்.