வளர்ப்பு முயலுக்கான கீரைத் தேர்வு: பெங்களூரு

வளர்ப்பு முயலுக்கு அன்றாடம் தரும் கீரை, பச்சிலை, காய்கறி ஆகியவற்றில் அதன் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்றவை எவை, ஆகாதவை எவை என்று பிரித்தறிவது கீரைத் தேர்வு எனப்படும். பெங்களூருவில் இதற்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஆண்டு முழுவதும் பத்துப் பன்னிரண்டு வகைக் கீரை வீட்டு வாசலுக்கே வரும் ஊர் இது. ஒவ்வொரு கீரைக்கும் தமிழில் ஒரு பெயர், கன்னடத்தில் ஒரு பெயர். முயல் உணவு வழிகாட்டிகளோ பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அவற்றில் அகத்தியும் முருங்கையும் தண்டுக்கீரையும் இருப்பது அரிது. மனிதருக்கு மிகச் சத்தானவை என்று போற்றப்படும் கீரைகளே முயலுக்கு அளந்து தர வேண்டியவை. காய்கறி வாங்கும்போது கொசுறாகக் கிடைக்கும் கொத்தமல்லியை நாள்தோறும் தரலாம்.

உடலமைப்பு

வீட்டில் வளரும் முயல் இனங்கள் யாவும் ஐபீரியத் தீபகற்பத்தின் ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. பெங்களூருவைச் சுற்றிய புதர்க்காடுகளில் திரியும் காட்டு முயல் வேறு பேரினம். அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பிடித்து வளர்க்கக் கூடாது.

முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். நார் மிகுந்த புல்லை நெடுநேரம் அரைத்து மென்றால்தான் அவை தேயும். கீரை மென்மையானது, பல்லைத் தேய்க்கும் வேலைக்கு அது போதாது.

குடலின் பெரும்பகுதியை அடைத்திருப்பது பெருங்குடல்வாய். அங்குள்ள நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கவைக்கின்றன. அதிலிருந்து வரும் மென்மையான உருண்டைகளை முயல் திரும்பத் தின்று சத்தை எடுத்துக்கொள்ளும். மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடினால் இந்த நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து வாயு சேரும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாததைத் தின்றுவிட்டால் அது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

கால்சியத்தைக் கையாளும் விதத்திலும் முயல் தனி. பெரும்பாலான பாலூட்டிகள் தேவைக்கேற்பவே கால்சியத்தை உறிஞ்சும். முயலின் குடலோ உணவில் உள்ளதற்கேற்ப உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீரில் தள்ளிவிடும். உணவுக் கால்சியத்தில் 45 முதல் 60 விழுக்காடு வரை முயலின் சிறுநீரில் வெளியேறுகிறது. பிற பாலூட்டிகளில் இது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. முயலின் சிறுநீர் சற்றே கலங்கலாக இருப்பது இதனால்தான். கால்சியம் அளவுமீறினால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சேறுபோலப் படிந்து, நாளடைவில் கல்லாகவும் மாறும்.

உணவில் கீரையின் இடம்

வளர்ந்த முயலின் உணவில் 80 முதல் 85 விழுக்காடு வரை உலர்புல் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கீரை 10 முதல் 15 விழுக்காடு. கடையில் விற்கும் குச்சித் தீவனம் மிகச் சிறிய அளவு போதும். கீரையில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு நறுக்கி அமுக்கிய ஒரு கோப்பை வரை தரலாம். 2 கிலோ முயலுக்குக் காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி.

பெங்களூருவில் விற்கும் திமோத்தி உலர்புல் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது, விலை கூடுதல். உள்ளூரில் நம்பத்தக்க துணை அறுகம்புல். கன்னடத்தில் கரிகெ ஹுல்லு. பிள்ளையாருக்குச் சாத்துவதற்காகப் பூக்கடைகளில் கட்டுக்கட்டாக விற்பார்கள். மருந்து தெளிக்காத இடத்தில் வளர்ந்ததாக இருந்தால், பசுமையாகவும் நிழலில் உலர்த்தியும் தரலாம். குதிரைமசாலில் புரதமும் கால்சியமும் மிகுதி. ஏறத்தாழ ஆறு மாதம் வரை, வளரும் குட்டிகளுக்கு அது பொருந்தும். வளர்ந்த முயலுக்கு அன்றாட உணவாகாது.

தமிழில் கிடைக்கும் முயல் வளர்ப்புக் கையேடுகளைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அவை பெரும்பாலும் இறைச்சிப் பண்ணையாளருக்காக எழுதப்பட்டவை. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், உதகை சாண்டிநல்லாவிலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் ஆகியவை தென்னிந்தியாவில் பண்ணை முயல் வளர்ப்புக்குப் பெயர் பெற்றவை. பண்ணை முயல் சில மாதங்களில் எடை கூடி விற்பனைக்குப் போவது. அதற்கு வேலிமசாலும் அகத்தியும் முருங்கையும் சரி. வீட்டு முயல் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழ்வது. அத்தனை ஆண்டும் அதே தீவனத்தைத் தின்றால் சிறுநீர்ப்பை தாங்காது.

அன்றாடம் தரத்தக்கவை

பெங்களூருச் சந்தைகளில் எளிதில் கிடைக்கும் கீரைகளில் இவற்றை மாற்றி மாற்றி நாள்தோறும் தரலாம். அடைப்புக்குறிக்குள் இருப்பது கன்னடப் பெயர்.

- கொத்தமல்லி (கொத்தம்பரி சொப்பு): தண்டோடு தரலாம், வேரை மட்டும் நறுக்கிவிட வேண்டும்.
- புதினா (புதினா சொப்பு): முற்றிய தண்டையும் முயல் விரும்பிக் கடிக்கும்.
- சதகுப்பை (சப்பசிகெ சொப்பு): தமிழ்நாட்டுச் சமையலில் அருகிப்போன இக்கீரை பெங்களூருவில் அக்கி ரொட்டிக்கும் சாம்பாருக்கும் அன்றாடப் பொருள். முயலுக்கு மிக ஏற்றது.
- திருநீற்றுப்பச்சிலை (காமகஸ்தூரி): இலையும் தண்டும்.
- லெட்யூஸ்: நீண்ட கரும்பச்சை இலையுள்ள ரோமெய்ன் வகை. உருண்டையான ஐஸ்பெர்க் வகையில் நீரே மிகுதி, சத்துக் குறைவு.

ஒரே கீரையைத் தொடர்ந்து தராமல் நாளுக்கு இரண்டு மூன்று வகைகளைக் கலந்து தருவது நல்லது. எந்தக் கீரையிலும் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கும். கலந்து தந்தால் எதுவும் எல்லை மீறாது.

அளந்து தர வேண்டியவை

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971இல் வெளியிட்ட, சி. கோபாலன் குழுவினரின் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை மனிதருக்காகத் தொகுக்கப்பட்டது. முயலுக்கும் அது பயன்படும். 100 கிராம் பச்சைக் கீரையில் உள்ள கால்சியத்தை அது மில்லிகிராம் கணக்கில் இப்படித் தருகிறது: அகத்தி 1,130, கறிவேப்பிலை 830, காலிபிளவர் இலை 626, முருங்கை 440, வெந்தயக்கீரை 395, முள்ளங்கி இலை 265, புதினா 200, கொத்தமல்லி 184, பாலக் 73. மண்ணையும் வகையையும் பொறுத்து இவை மாறும். வரிசையைப் புரிந்துகொள்ளப் போதுமானவை.

அகத்தியைத் தவிர்ப்பதே நல்லது. முருங்கைக்கீரை (நுக்கெ சொப்பு) வாரத்துக்கு ஓர் இணுக்கு. வெந்தயக்கீரை (மெந்த்ய சொப்பு), முள்ளங்கி இலை, கேரட் தழை ஆகியவை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மற்றக் கீரையோடு சேர்த்து.

ஆனால் கால்சிய எண் மட்டும் போதாது. பட்டியலின் கடைசியில் நிற்கும் பாலக்கில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. இதுவும் சிறுநீர்ப்பாதைக்குச் சுமை. தண்டுக்கீரை (தண்டின சொப்பு), முளைக்கீரை, பருப்புக்கீரை, கொடிப்பசலை (பசளெ சொப்பு), பீட்ரூட் இலை ஆகியவையும் இந்த வகையே. இவற்றில் ஏதேனும் ஒன்றை வாரத்துக்கு ஓரிரு முறை, நாலைந்து இலை அளவில் தரலாம். புளிச்சக்கீரை வேண்டாம்.

முட்டைக்கோஸ், காலிபிளவர் இலை, நூல்கோல் (நவிலுகோசு) இலை ஆகியவை சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்கும். சந்தையில் இவற்றின் தழைகளை வெட்டிக் குவித்திருப்பார்கள். கேட்டால் இலவசமாகவே கிடைக்கும். சும்மா கிடைக்கிறதே என்று கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டுவதுதான் தவறு. நாளுக்கு ஓர் இலையோடு நிறுத்தினால் பெரும்பாலும் தொல்லையில்லை.

காய்களும் பழங்களும்

முயல் என்றால் கேரட் என்ற படிமத்தைப் பரப்பியதில், 1940இல் அமெரிக்கத் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கேரட் கிழங்கில் சர்க்கரை மிகுதி. விரற்கடை அளவு துண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். விதை நீக்கிய குடைமிளகாய், சிறு துண்டு வெள்ளரி தரலாம். தமிழர் பெங்களூர்க் கத்திரிக்காய் என்றழைக்கும் சௌசௌ (சீமெ பதனெகாயி) நீர் மிகுந்தது. எப்போதாவது ஒரு துண்டு.

வாழைப்பழம், விதை நீக்கிய ஆப்பிள் ஆகியவை கட்டைவிரல் நக அளவே. அதுவும் பழக்குவதற்கான பரிசாக மட்டும்.

தவிர்க்க வேண்டியவை

வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் ஆகியவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உருளை, தக்காளி, கத்திரி ஆகியவற்றின் இலையிலும் தண்டிலும் நச்சுச் சேர்மங்கள் உள்ளன. இக்குடும்பத்தைச் சேர்ந்த மணத்தக்காளிக் கீரை (கணிகெ சொப்பு) வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று வீட்டில் சமைப்பது, முயலுக்கு வேண்டாம். பெங்களூருப் பழச்சாறுக் கடைகளில் பட்டர் புரூட் என்று பெயர்பெற்ற வெண்ணெய்ப்பழத்திலுள்ள பெர்சின் முயலுக்கு நஞ்சு. பழம், தோல், இலை எதுவும் கூடாது.

மார்கழி தை மாதங்களில் ஊரெங்கும் குவியும் அவரைக்காய்க்கும் (அவரெகாயி) இந்தப் பட்டியலில் இடமுண்டு. பச்சைப் பயறு, பீன்ஸ் விதை, சோளமணி போன்றவை மாவுச்சத்து மிகுந்தவை. பச்சை அவரை விதையில் நச்சுச் சேர்மமும் உண்டு. சோறு, ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றுக்கும் இதே தடை.

வீட்டுத் தொட்டிச் செடிகளில் மணிபிளாண்ட், அரளி, டிஃபன்பேக்கியா, லில்லி வகைகள் ஆகியவை முயலுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

சந்தையும் நீரும்

நகரின் பழைய காய்கறிச் சந்தைகள் 1928இல் கட்டப்பட்ட கே.ஆர். மார்க்கெட்டும், சிவாஜிநகரில் 1927இல் எழுந்த ரசல் மார்க்கெட்டும். புதினா, கொத்தமல்லியோடு பார்ஸ்லி, செலரி போன்ற மேலைநாட்டுத் தழைகளும் ரசல் மார்க்கெட்டில் கிடைக்கும். 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ் கடைகள் நகரெங்கும் உள்ளன. எசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஆர்கா சுகுணா போன்ற பலமுறை அறுக்கும் கீரை வகைகள் எல்லாப் பருவத்திலும் கீரை கிடைக்க உதவுகின்றன.

கீரை எந்த நீரில் வளர்ந்தது என்பது பெங்களூருவில் முக்கியமான கேள்வி. நகரின் கழிவைச் சுமந்து ஓடும் விருஷபாவதி ஆறு பைரமங்களா ஏரியில் சேர்கிறது. அப்பகுதி வயல்களில் அந்த நீர் பாய்கிறது. இலைக்குள் ஏறிவிட்ட கன உலோகத்தைக் கழுவி நீக்க முடியாது. தெரிந்த விவசாயியிடம் வாங்குவதும், கொத்தமல்லி, புதினா, அறுகம்புல் மூன்றையும் மாடித் தொட்டியில் வளர்த்துக்கொள்வதும் எளிய மாற்று வழிகள். கடையில் வாங்கிய கொத்தமல்லி விதையை லேசாக நசுக்கி இரண்டாகப் பிளந்து விதைத்தால், ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் அறுவடைக்கு வரும்.

காலி மனைகளில் பறிப்பதில் வேறு ஆபத்து. 1950களில் இந்தியாவில் கண்டறியப்பட்டு, பெங்களூருவின் வெற்று நிலங்களில் பரவிக் கிடக்கும் பார்த்தீனியத்துக்குக் கேரட் புல் என்றும் பெயருண்டு. இளஞ்செடியின் இலை பார்வைக்குக் கேரட் தழையைப் போலவே பிளவுபட்டிருக்கும். மோந்து பார்த்தால் கேரட் மணம் வராது. ஐயமிருந்தால் பறிக்காமல் விடுவதே சரி.

கட்டைப் பிரித்தல்

கீரைக்கட்டை வாங்கியதும் வாழைநாரையோ ரப்பர் பட்டையையோ அவிழ்த்து உதற வேண்டும். வெளியே பசேலென்றிருக்கும் கட்டின் நடுவில் மஞ்சள் இலையும் வழுவழுப்பான தண்டும் ஒளிந்திருக்கும். எடையும் பளபளப்பும் கூட நீர் தெளித்து வைப்பதால் நடுப்பகுதிதான் முதலில் அழுகும். கைவைத்தால் கதகதப்பாக இருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ நொதித்தல் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை எறிந்துவிட வேண்டும். கீரையோடு சேர்த்து அறுக்கப்பட்ட களைகளையும் பொறுக்கி நீக்க வேண்டும். பிறகு அகன்ற பாத்திரத்தில் மூன்று முறை நீர் மாற்றி அலசி, உதறி, துணியில் பரப்பி ஈரம் வடியவிட்டுத் தரலாம். உப்பிலோ மஞ்சளிலோ ஊறவைத்தால் கடைசியில் நல்ல நீரில் அலசுவது கட்டாயம்.

கீரை தின்னும் முயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்ற நம்பிக்கை தவறு. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை முயல் நீர் குடிக்கும். வெயில் 34 டிகிரியைத் தொடும் ஏப்ரலில் கிண்ணத்தை இருமுறை நிரப்ப வேண்டியிருக்கும்.

பழக்கும் முறையும் அபாயக் குறிகளும்

மூன்று மாதம் நிறையாத குட்டிக்குக் கீரை தருவதில் அவசரம் கூடாது. தாய்ப்பால் மறந்த பருவத்தில் ஏற்படும் கழிச்சல் உயிரைப் பறிக்கும். புதிய கீரை எதுவானாலும் முதல் நாள் ஓர் இணுக்கு மட்டும். அடுத்த இரண்டு நாளும் புழுக்கையைக் கவனிக்க வேண்டும். உருண்டு, உலர்ந்து, ஒரே அளவாக இருந்தால் அளவைக் கூட்டலாம். சிறுத்தாலோ இளகினாலோ கீரையை நிறுத்தி உலர்புல்லை மட்டும் தர வேண்டும்.

முயல் தின்னாமல் ஒடுங்கி உட்கார்ந்திருப்பது, பல்லை நறநறவெனக் கடிப்பது, வயிறு உப்பிக் கெட்டியாவது, 10 அல்லது 12 மணி நேரம் புழுக்கை போடாதது ஆகியவை குடல் இயக்கம் நின்றதற்கான அறிகுறிகள். சிறுநீர் பற்பசைபோல் கெட்டியாக வந்தால் கால்சியம் படிந்துள்ளது. இவை எதற்கும் கைவைத்தியம் பார்த்துப் பொழுது போக்கக் கூடாது. நகரில் 1958இல் தொடங்கிய ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், முயலுக்கு மருத்துவம் பார்க்கும் தனியார் மருத்துவர்களும் உள்ளனர். போகும்போது கடந்த மூன்று நாளில் தந்த கீரைகளின் பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் குறித்து, எஞ்சிய கட்டையும் கையோடு எடுத்துச் சென்றால் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.