தலைப்பெழுத்தும் தலைமுறையும்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் ஒருவர் தம் மகனைப் பள்ளியில் சேர்க்கச் செல்கிறார். விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்றோர் இடம் இருக்கிறது. அங்கே அவர் தம் பெயரை எழுதுகிறார். அவருடைய சொந்தத் தாள்களிலோ அதே இடத்தில் அவர் தந்தையாரின் பெயர் இருக்கிறது. தாளளவில் தந்தையும் மகனும் வெவ்வேறு குடும்பத்தினர் ஆகிவிடுகின்றனர்! அரசாங்கத் தாள்களை மொழிபெயர்க்கும் நாமும் அச்சொல்லைக் காணுந்தோறும் சற்றுத் தயங்கவே செய்கிறோம்.

இச்சிக்கலின் வேரைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அண்டை வீடுகளில் வழங்கிவரும் நிலம் அது. அங்கே தமிழரின் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரைக் குறிக்கும், தலைமுறைதோறும் மாறும். தெலுங்கரின் தலைப்பெழுத்தோ 'இன்டி பேரு' என்னும் வீட்டுப் பெயரைக் குறிக்கும். தலைமுறை கடந்து நிற்கும். 1888-இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் வீட்டுப் பெயர் சர்வேபள்ளி. அது நெல்லூர்ப் பக்கத்து ஊர். அவர்தம் முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள். சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960-இல் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. எனினும் அப்பெயர் நெல்லூர் ஊரையே இன்றும் நினைவூட்டுகிறது.

மற்றொருவர் நடிகர் சித்தூர் வி. நாகையா. அவர் பிறந்த ஊர் குண்டூர்ப் பக்கத்து ரேபல்லை. சித்தூர் நாடக மேடையோடு கொண்ட தொடர்பால் அவ்வூர்ப் பெயர் அவருக்கு அடைமொழியாயிற்று.

தொலைவிலுள்ள பின்லாந்தையும் இங்கே நினைக்கலாம். திராவிட மொழிகளை ஆராய்ந்த கால்டுவெல் 1856-இல் பின்னிய மொழியையும் ஒப்பிட்டு நோக்கினார். அம்மொழியில் 'தாலோ' என்றால் வீடு. 'தாலோஸ்ஸா' என்றால் வீட்டில். நம்மைப் போலவே உருபைச் சொல்லின் இறுதியில் சேர்க்கின்றனர். ஆயினும் இவ்வொற்றுமையைக் கொண்டு இரண்டும் ஒரே குடும்பம் என மொழிநூலார் இன்று ஒப்புவதில்லை.

பெயர்முறையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. மேற்குப் பின்லாந்தில் உழவர் ஒருவர் வேறு பண்ணைக்குக் குடிபோனால், முற்காலத்தில் அப்பண்ணையின் பெயரையே ஏற்பார். கிழக்கிலோ குடும்பப் பெயர் வழிவழியாகத் தொடர்ந்தது. 1906-இல் சுவீடிஷ் பெயர் தாங்கிய பல்லாயிரவர் பின்னிய மொழிப் பெயர்களைச் சூடினர். 1920-இல் இயற்றப்பட்ட சட்டம் குடும்பப் பெயரை அனைவருக்கும் கட்டாயமாக்கியது. ஆகவே, அங்கும் பெயர் ஒன்றையே சான்றாகக் கொண்டு ஒருவருடைய மூதாதையரைத் துணிந்து கூறல் இயலாது.

திருமலைக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. கி.பி. 966-ஐச் சார்ந்ததாகக் கருதப்படும் அது, வெள்ளித் திருமேனி அளித்த சாமவை என்னும் அரசியைப் பற்றியது. பல்லவப் பேர்க்கடையார் மகள், சத்திவிடங்கன் தேவி என அவளுடைய உறவுகளை அது விரித்துரைக்கிறது. அவ்வளவையும் இன்று நாம் ஓர் எழுத்தில் அடக்கிவிட்டோம்.

விண்ணப்பத் தாள் கேட்பதை எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால், அவ்வெழுத்து யாருடைய பெயர், எந்த ஊர் என்பதைப் பிள்ளைகளுக்கு நாமே எடுத்துரைப்போமாக. பிறந்த ஊரைக் கண்டிராத பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேறு யார் இருக்கின்றனர்?