மசாஜுக்கு டிப்ஸ் உண்டு, பிசியோதெரபிக்கு ஏன் இல்லை?

அமெரிக்காவில் ஒரு ஸ்பாவுக்குப் போய் முதுகுக்கு மசாஜ் செய்துகொண்டால், பில் தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டும். அது அங்கே எழுதப்படாத சட்டம். அதே முதுகுவலிக்கு பிசியோதெரபிஸ்டிடம் போனால் டிப்ஸ் கிடையாது. நீட்டினால் அவர் சங்கடப்படுவார். இருவரும் அழுத்துவது அதே முதுகைத்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இதைத் தேடப் போனதில் கிடைத்த வரலாறு கொஞ்சம் சுவாரஸ்யம், கொஞ்சம் வருத்தம்.

முதலில் டிப்ஸின் கதை. அமெரிக்காவில் 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகுதான் இந்தப் பழக்கம் பரவியது. ஐரோப்பா போய் வந்த பணக்காரர்கள், அங்கே பிரபுக்கள் வேலையாட்களுக்குச் சில்லறை கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் செய்தார்கள். பலருக்கு இது பிடிக்கவில்லை. எல்லோரும் சமம் என்று சொல்லும் நாட்டில் இது என்ன பிச்சை போடுகிற பழக்கம் என்று கேட்டார்கள். 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்து சட்டமே போட்டது! வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. ஆனால் 1926-க்குள் அத்தனை சட்டங்களும் காணாமல் போயின.

டிப்ஸை ஏன் ஒழிக்க முடியவில்லை? ஏனென்றால் முதலாளிகளுக்கு அது லாபம். 1867-ல் தொடங்கிய புல்மன் கம்பெனி, ரயில்களில் படுக்கை வசதியுள்ள பெட்டிகளை ஓட்டியது. பயணிகளைக் கவனிக்கும் போர்ட்டர் வேலைக்கு, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களைச் சேர்த்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 1915-ல் நடந்த அரசு விசாரணையில் வெளிவந்த மாதச் சம்பளம் வெறும் 27.50 டாலர். ஏ. பிலிப் ராண்டால்ஃப் 1925-ல் அவர்களுக்குச் சங்கம் அமைத்தார். கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காமர்ஸ் படிக்கிறவனாக எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கம்பெனியின் கணக்கில் சம்பளச் செலவாக வரவேண்டிய தொகையை, வாடிக்கையாளரின் பாக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். 1966-ல் சட்டமே இதை ஏற்றுக்கொண்டது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய தேசிய அளவிலான குறைந்தபட்சக் கூலி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. மற்றவர்களுக்கு 2009 முதல் 7.25 டாலர். டிப்ஸையும் சேர்த்து அந்த 7.25 வராவிட்டால், குறைவதை முதலாளி கொடுக்க வேண்டும்.

சரி, மசாஜுக்கு வருவோம். முதல் உலகப்போரில் காயமடைந்த அமெரிக்க வீரர்களுக்கு மசாஜும் உடற்பயிற்சியும் கொடுக்கப் பெண்களைப் பயிற்றுவித்து ராணுவ மருத்துவமனைகளில் அமர்த்தினார்கள். அவர்களில் முக்கியமானவர் மேரி மெக்மில்லன். 1921-ல் இவர்கள் சங்கம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். அந்த வழி மருத்துவமனைக்குள் போனது, பிசியோதெரபி ஆனது. இன்னொரு வழி குளியல் நிலையம், ஹோட்டல், அழகு நிலையம் என்று போனது. அந்த வழியில் போனவர்கள் 1943-ல்தான் சிகாகோவில் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். இன்று பெரும்பாலான மாநிலங்களில் மசாஜ் செய்ய படிப்பு, லைசென்ஸ் எல்லாம் வேண்டும். ஆனாலும் ஹோட்டல் வாசலில் ஒட்டிக்கொண்ட டிப்ஸ் அவர்களை விடவில்லை.

2025-ல் அமெரிக்கா டிப்ஸ் வருமானத்தில் 25,000 டாலர் வரை வருமானவரிக் கழிவு தரும் சட்டம் கொண்டுவந்தது. அதற்கான தொழில்களின் பட்டியலில் மசாஜ் தெரபிஸ்டும் இருக்கிறார். சலுகைதான். ஆனால், "நீங்கள் டிப்ஸ் வாங்குகிற ஆள்" என்று அரசாங்கமே எழுதி வைத்த மாதிரியும் இருக்கிறது.

ஆகவே அங்கே போகிற நண்பர்களுக்கு: ஸ்பாவில் டிப்ஸ் வையுங்கள். தள்ளுபடி கூப்பனில் போயிருந்தால், முழு விலைக்குக் கணக்குப் பார்த்து வையுங்கள். கிளினிக்கில் வேண்டாம். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அது நாம் காட்டுகிற தாராள மனசு அல்ல. யாரோ கொடுக்காமல் விட்ட சம்பளத்தின் மீதி.